எட்டாவது பயன்

அந்த மஞ்சள் தாளின் முதல் வரியே பிழை. "பல நூற்றாண்டுகளாக இத்தீவில் நிற்கும் காற்றாலைக் கோபுரம்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, படகால் இறங்குகிற எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் கூட்டிப் பார்த்தேன். கோபுரத்தைக் கட்டியது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். நாங்கள் நின்றது எழுபதுகளின் நடுவில். தொட்ட நூற்றாண்டுகள் மூன்று; கடந்தது ஒன்றேமுக்கால். ஒன்றேமுக்காலைப் 'பல' என்று எழுதுகிறவர்கள் படிகளை எப்படி எண்ணியிருப்பார்கள் என்று உள்ளே போய் எண்ணினேன். தாளில் நாற்பத்தெட்டு. உண்மையில் நாற்பத்தாறு. வாசற்கல்லையும் மேல் தளத்தையும் படிகளாகச் சேர்த்திருந்தார்கள்.

இலங்கையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ரயில்வேயில் இருந்தவன் நான். அதில் பத்தொன்பது ஆண்டுகள் ஸ்டேசன் மாஸ்டர். மனைவி போன பிறகு மகன் என்னை ரொறன்ரோவுக்கு எடுப்பித்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், பதினெட்டாம் மாடி. மகனும் மருமகளும் காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறு மணிவரை நானும் நான்கு சுவர்களும்தான். மூன்று லிப்டுகளில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது. மற்ற இரண்டில் ஒன்று எங்கள் மாடியில் நிற்காது. ஒரு கிழமையின் ஏழு நாளும் அது நிற்காமல் போன தடவைகளை எண்ணி எழுதி, கட்டடப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி வாங்கித் தன் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்தார்.

அந்த வீட்டிலிருந்து தப்புவதற்காகத்தான் ஒரு கோடையில் படகேறி, நகருக்கு எதிரே ஏரியில் இருக்கும் தீவுக்குப் போகத் தொடங்கினேன். கோபுர வாசலுக்கு எதிரே உட்கார ஒரு மர வாங்கு இருந்தது. அதில் இருந்துகொண்டு ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். ஒரு நாள் இறங்கியவர்களில் ஒருவர் குறைந்தார். பூட்ட வந்த மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் விலகாமல் நின்றதால், எரிச்சலோடு மேலே பார்த்து இரண்டு தரம் கூப்பிட்டார். சுவரில் சாய்ந்து நித்திரையாகிப்போயிருந்த ஒரு தடித்த மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார். அடுத்த கோடையில் வாசலில் நிற்கும் வேலையை எனக்குத் தந்தார்கள்.

வேலை எண்ணுவதுதான். மேல் தளம் பழையது. ஒரே நேரத்தில் ஒன்பது பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பெருவிரலால் ஒரு பக்கம் அமுக்கினால் ஓர் எண் கூடி, மறுபக்கம் அமுக்கினால் குறைகிற சிறிய கருவி ஒன்றைக் கையில் தந்தார்கள். என் வாழ்நாளில் எனக்கென்றே செய்ததுபோல் இருந்த ஒரே பொருள் அது. விதிகள் இரண்டு. ஒன்பதைத் தாண்டவிடக் கூடாது. கோபுரத்துக்குள் எவரும் எதையும் கொண்டுவந்து வைக்கக் கூடாது. எனக்கு முன் இருந்தவர் மழைக்குத் தன் சைக்கிளை உள்ளே நிறுத்தினார். இரண்டாம் தடவை கண்டதும் அனுப்பிவிட்டார்கள். இதை மேற்பார்வையாளர் முதல் நாளே சொன்னார். அவர் ஐம்பது வயதுக்காரர், தீவிலேயே பிறந்தவர். ஐஸ் ஹொக்கி விளையாடி ஒரு முழங்கால் பழுதாகியிருந்தது. அதனால் பத்தாம் படிக்கு மேல் அவர் ஏறுவதில்லை.

அந்த மஞ்சள் தாளைப் பற்றி நான் தினமும் முறைப்பாடு செய்தது அவருக்குத் தாங்கவில்லை. "அப்படியென்றால் நீங்களே எழுதுங்கள்" என்றார். வாசலில் ஒரு புதிய பலகை வைக்கப்போகிறார்கள், கோபுரம் எதெதற்குப் பயன்பட்டது என்று அதில் வரிசையாக வரும், கோடை முடிவதற்குள் பட்டியல் வேண்டும் என்று சொல்லி, படகுக் கொட்டகையிலிருந்த மூன்று பெட்டி பழைய கடதாசிகளை என் முன் தள்ளிவிட்டார்.

கடதாசிகளுக்குள் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எதைப் பயன் என்பது என்பதிலேயே இந்தத் தீவில் ஒழுங்கு இல்லை. ஒருவர் அங்கே கலியாணம் செய்ததைப் பயன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் முப்பது ஆண்டுகள் புறாக்கள் குடியிருந்ததை எழுதியிருந்தார். புறாவைக் கேட்டா கோபுரம் கட்டினார்கள்? நான் மூன்று நிபந்தனைகள் வைத்தேன். ஒரு மனிதர் வேண்டுமென்று தொடங்கியதாக இருக்க வேண்டும். ஒரு முழுப் பருவமாவது தொடர்ந்திருக்க வேண்டும். கோபுரம் இல்லாவிட்டால் நடந்திராத வேலையாக இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறியவை ஏழு.

முதலாவது, கட்டிய காரணம்: பட்டாளத்துக்கு மா அரைப்பது. ஏரிக் காற்று ஒரு பக்கம் நிலைத்து வீசாததால் அது அதிக காலம் நடக்கவில்லை. ஒரு புயலில் காற்றாலையின் பாய்கள் கிழிந்து அதன் கைகள் முறிந்ததும், மொட்டையாக நின்ற கோபுரத்தின் உச்சியில் கப்பல்களுக்காக விளக்கு ஏற்றினார்கள். சுவர் நாலரை அடி தடிப்பு என்பதைக் கண்டுபிடித்த ஒருவர் அதற்குள் வெடிமருந்தை அடுக்கினார். விளக்குக்குக் கீழே வெடிமருந்து. அந்த மூளையைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. பிறகு அதே தடித்த சுவருக்காக, மாரிக் குளிரில் ஏரியில் அறுத்த ஐஸ் பாளங்களை மரத்தூள் போட்டு உள்ளே வைத்துக் கோடையில் எடுத்தார்கள். புயல் வருகிறது என்று படகுகளுக்குக் கொடி ஏற்றியது ஐந்தாவது. உச்சியில் இரும்புத் தொட்டி வைத்துக் கரையோர வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்தது ஆறாவது. ஏழாவது, சும்மா ஏறிப் பார்ப்பது. என் காலத்தில் அதிலும் எரிச்சல்தான். எதிர்க்கரையில் உலகத்திலேயே உயரமானது என்று ஒரு கொங்கிறீட் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தாறு படி ஏறுகிறவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். இறங்கி வந்து, "அது எத்தனை அடி?" என்று என்னிடம் கேட்டார்கள்.

மேற்பார்வையாளருக்கு எட்டாவது ஒன்று வேண்டியிருந்தது. அவருடைய தாத்தா, தன் வீடு எரிந்தபோது, இரண்டு பிள்ளைகளோடு கோபுரத்துக்குள்தான் இருந்தாராம்.

"எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"இருபத்தாறு."

"பருவம் ஆகவில்லை" என்று சொல்லி வெட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். கும்பகோணத்துக்காரர். கணவர் ஒரு கந்தோரில் கம்பியூட்டர் வேலை. என்னை அவர் ஒரு நாளும் அங்கிள் என்றதில்லை. ஸ்டேசன் மாஸ்டர் என்று கேள்விப்பட்டதிலிருந்து சார்தான். கையில் ஒரு சட்டி. திறந்து காட்டினார். மோர் மிளகாய், எல்லாம் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"மூணாவது தடவை சார். பால்கனி வடக்கு பார்த்தது, வெயிலே வராது. ஓவன்ல வெச்சேன், கருகிடுச்சு. ஹீட்டர் மேல வெச்சேன், வீடே நாறுதுன்னு அவர் கத்தறார். துணி காயப்போட்டதுக்கே கட்டடத்துக்காரன் லெட்டர் போட்டுட்டான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க டவர்ல வெயில் எப்படி சார்?"

"அதுக்குள்ளை ஒண்டும் வைக்கேலாது பிள்ளை. வேலை போயிடும்."

"உள்ளே யார் வெக்கச் சொன்னா? வெளியில ஏதோ மாடம் இருக்குன்னு நீங்கதானே அன்னிக்கு ஒரு மணி நேரம் சொன்னீங்க."

சொன்னதுதான். இருபதாம் படியில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் கோபுரத்தைச் சுற்றி மரத்தாலான வெளிமாடம். பாய்களை விரிக்கவும் சுருட்டவும் ஆலைக்காரன் நின்ற இடம். பார்வையாளர்களுக்குத் தடை. அதன் பூட்டுக்குத் திறப்பு என் இடுப்பில். தெற்குப் பக்கம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை வெயில். ஏரிக் காற்று நிற்பதே இல்லை. அதைவிட நல்ல இடம் ஒன்றாரியோவில் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் கரைச்சல்.

"முப்பத்துநாலு வருஷம் ரயில் விட்டவருக்கு ஒரு தட்டு மிளகாய்க்குப் பயம்" என்று அவர் தன் சட்டியைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சொல்லவில்லையாம்.

அடுத்த நாள் காலை கேக் சுடும் தட்டு ஒன்றில் நூற்றிருபது மிளகாய், மேலே பழைய நைலக்ஸ் சேலைத் துண்டு ஒன்றைக் கட்டி, பையில் வைத்துக்கொண்டு படகேறினேன். மோர் மிளகாய் ஒரு நாளில் முடிகிற வேலையாக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். பகலில் காய வேண்டும். மாலையில் திரும்ப மோருக்குள் போக வேண்டும். காலையில் பிழிந்து திரும்ப வெயிலுக்கு. மோர் முழுவதும் ஊறி, மிளகாய் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை இப்படி ஆறேழு நாள். தட்டோடு போனேன், தட்டோடு வந்தேன். படகில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. புளித்த மோர் மணம் அப்படி.

மூன்றாம் நாள் மாலை தட்டைக் கொடுக்கும்போது நூற்றுப்பதினெட்டுத்தான் இருந்தது.

"சேலை காத்துக்கு விலகியிருக்கு. கடற்புறா கொண்டுபோயிருக்க வேணும்" என்றேன். "இது ஏரியெண்டாலும் அதைக் கடற்புறா எண்டுதான் சொல்லுகினம். அதுவும் பிழை."

"ரெண்டு மிளகாய்க்கு விசாரணைக் கமிஷனா சார்?"

"ரெண்டெண்டாலும் குறைஞ்சது குறைஞ்சதுதானே."

"தின்ன பறவை இந்நேரம் பட்டிருக்கும். விடுங்க."

அப்போது எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகள் ஆறு: இலங்கை நான்கு, இந்தியா இரண்டு. ஒரு கிழமையில் ஆறு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் தட்டுகள் நான்கு. மிளகாய்க்குப் பக்கத்தில் வடகம் வந்தது. பிறகு ஊறுகாய்க்கு உப்பிட்ட தேசிக்காய். தன் மாமனார் மிளகாய்த் தட்டுக் காவிக்கொண்டு திரிகிறார் என்று வேலையிடத்தில் சொல்லிச் சிரித்த என் மருமகளே ஒரு நாள் காலை பாகற்காய்ச் சீவல் ஒரு தட்டு நீட்டினாள். "எடுத்துக்கொண்டு போங்கோ மாமா. எப்பிடியும் போறீங்கள்தானே." மறுக்க நினைத்து வாங்கினேன். வேலையிழப்பதென்றால் ஒரு தட்டுக்கும் ஐந்து தட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆவணி நடுவில் பட்டியலைச் சுத்தமாக எழுதி முடிக்க உட்கார்ந்தேன். ஏழையும் எழுதினேன். நிபந்தனைகளைக் கீழே எழுதினேன். எழுதிய கை நின்றுவிட்டது. ஒரு மனிதர் வேண்டுமென்று தொடங்கியது: நான்தான், ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை. ஒரு முழுப் பருவம்: மழை பெய்த ஒன்பது நாளைக் கழித்தாலும் ஐம்பத்தெட்டு நாட்கள், கோடை முழுக்க. கோபுரம் இல்லாவிட்டால் நடந்திராதது: மூன்று சட்டி பூஞ்சணம் சாட்சி. அந்த அம்மா அந்தச் சட்டியைக் கொண்டுவந்திருக்காவிட்டால் எண்ணிக்கை ஏழோடு அழகாக நின்றிருக்கும்.

அன்று சாப்பாட்டு மேசையில் மகனிடம் சொன்னேன்.

"அப்பா, உந்தக் கணக்கை ஆர் உங்களிட்டைக் கேட்டது?" என்றான். "ஏழெண்டு எழுதிக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ."

"எட்டு நடந்திருக்கேக்கை ஏழெண்டு எப்பிடி எழுதுறது?"

"மிளகாய் காயுறதும் ஒரு சரித்திரமே மாமா?" என்றாள் மருமகள்.

"ஐஸ் வைச்சது சரித்திரமெண்டால் இதுவும் சரித்திரம்தான்."

"வேலை போனால் திரும்பவும் முழு நாளும் வீட்டிலைதான் இருப்பீங்கள்" என்றான் மகன். "பிறகு அந்த லிப்டை எண்ணுவீங்கள். நாங்கள்தான் கேக்க வேணும்."

அவன் சொன்னது சரி. அந்த வேலை போனால் எனக்கு மிஞ்சுவது பதினெட்டாம் மாடி. அது எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். அடுத்த நாள் படகில் பதின்மூன்று நிமிடமும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தீவில் இறங்குவதற்கு முன், எட்டு என்று போட்டு எழுதினேன்: 'உணவுப் பொருட்கள் காயவைத்தல், இக்கோடை, வாசற்காவலர்.' எழுதியபின் நிம்மதி வரவில்லை.

மேற்பார்வையாளர் வாசலில் நின்றே வாசித்தார். எட்டாவதில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கைபிடியைப் பற்றி ஏறத் தொடங்கினார். பத்தாம் படியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகும் ஏறினார். இருபதாம் படியில் நான் கதவைத் திறந்தேன். ஐந்து தட்டு, நைலக்ஸ் துண்டுகள் காற்றில் படபடத்தன. பாகற்காய்ச் சீவல் ஒன்றை எடுத்து மணந்தார், திரும்ப வைத்தார்.

"என் தாத்தா, இரண்டு பிள்ளைகளோடு, போக இடமில்லாமல் இங்கே கிடந்தார்" என்றார். "அது பயனில்லை. மிளகாய் பயன்."

"இருபத்தாறு நாள். இது ஐம்பத்தெட்டு."

"சைக்கிள் வைத்தவரை அனுப்பினேன். உங்களை எப்படி வைத்திருப்பது?"

எனக்கும் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். "அனுப்புங்கள்" என்றேன். "ஆனால் கோபுரத்தைப் பயன்படுத்தியதற்காகத்தானே அனுப்புகிறீர்கள்? அப்படியென்றால் அது பயன். பலகையில் எட்டு வர வேண்டும். பலகையில் ஏழுதான் என்றால் நான் ஒன்றும் செய்யவில்லை, அனுப்பக் காரணமில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

அவர் முழங்காலைத் தடவினார். "இந்தத் தட்டுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்" என்றார். "நான் கடிதம் எழுதுவேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதவில்லை. நான் வீட்டில் இருந்தேன். லிப்டு எங்கள் மாடியில் நிற்காமல் போனது, நான் எண்ணியவரையில், முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை. மகன் கேட்டுக்கொண்டிருந்தான். தபாற்பெட்டியைப் பார்க்க நாளுக்கு இரண்டு தரம் இறங்கினேன். ஒரு தரம் போதும் என்று தெரிந்தும். என்னைக் குடைந்தது வேலை மட்டும் அல்ல. அந்த இருபத்தாறு நாளும் குடைந்தது. எரிந்த வீட்டிலிருந்து வந்த மனிதன் நாட்களை எண்ணியிருப்பான். பருவம் ஆக வேண்டுமென்று எண்ணியிருக்க மாட்டான். எப்போது முடியுமென்று எண்ணியிருப்பான்.

சித்திரைக்குப் பிறகு கடிதம் வந்தது. இரண்டு வரி. வருகிற சனிக்கிழமை முதல் படகில் வரவும். மேல் தளத்தில் இனி எட்டுப் பேர்தான்.

போனேன். வாசலில் புதிய பலகை, பச்சை நிறம், வெள்ளை எழுத்து. நூற்றாண்டுகளைத் திருத்தியிருந்தார்கள். படி நாற்பத்தாறு. பயன்கள் எட்டு. எட்டு என்று கண்டதும் கிட்டப் போய் வாசித்தேன். எட்டாவது: 'வீடிழந்த ஒரு தீவுக் குடும்பத்தின் தங்குமிடம், இருபத்தாறு நாட்கள்.'

எண்ணிக்கை சரி. பொருள் வேறு. இதை எங்கே போய் முறையிடுவது? முறையிட்டால் வேலை போகும். முறையிடாவிட்டால் ஒவ்வொரு நாளும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த இருபத்தாறு நாளை வெட்டச் சொல்லவும் எனக்கு இனி வாய் வராது. கீழே, ஒன்பதாவது ஒன்றுக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். அதுதான் என்னை இன்னும் வருத்தியது. மேற்பார்வையாளர் தூரத்தில் நின்று தொப்பியைத் தொட்டார். நானும் தலையசைத்தேன்.

ஆனி இரண்டாம் கிழமை பத்தரைப் படகில் பக்கத்து வீட்டு அம்மா வந்து இறங்கினார். இதற்கு முன் அவர் தீவுக்கு வந்ததே இல்லை. கையில் ஒரு பிரம்புக் கூடை, மேலே துண்டு. வரிசையில் நின்றார். பலகையை ஓர் எழுத்து விடாமல் வாசித்தார்.

"சார், இதுல நாம இல்லையே."

"இல்லைத்தான்."

"அப்ப நாம எதுவுமே காய வெக்கலை."

"பலகையின்படி பாத்தால் இல்லை."

"செய்யாத தப்புக்கு யாரும் திட்ட முடியாதுல்ல? நான் டவர் பாக்க வந்திருக்கேன். கூடையைக் கையிலயே வெச்சுக்கிட்டு அந்த மாடத்துக் கதவைத் திறந்து வெச்சு, வாசல்ல வெயில்ல நிக்கப் போறேன். சாயங்காலம் வரைக்கும். உள்ளே எதையும் வெக்க மாட்டேன்."

விதியை மனதுக்குள் ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். கொண்டுவந்து வைக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று இல்லை. மேலே ஏழு பேர் இருந்தார்கள். கருவியை அமுக்கினேன், எட்டு.

"எத்தனை மிளகாய்?" என்று கேட்டேன்.

"எண்ணலை சார்."

"எண்ணாமல் கொண்டு வந்தனீங்களோ?"

"மிளகாயை யார் சார் எண்ணுவா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் கூடையை வாங்கி வாங்கில் வைத்து, துண்டை விலக்கி, ஒன்றிலிருந்து தொடங்கினேன்.